நைரி வைக்காத சிவப்புப் புள்ளிகள்

அம்மாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காருக்கு வைப்பர் மாற்றியது. சூப்பர்மார்க்கெட் வாசலில், ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, விட்டுவிட்டுத் தூறல். நைரி பெட்டியின் பின்புறம் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். ராவிரி படிக்காமல் மாட்டினான். மாட்டி முடித்து அவன் கையைத் துடைத்துக்கொண்டபோது அவள் காருக்குள் உட்கார்ந்து தண்ணீர் அடித்து வைப்பரை ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள், வேகத்தைக் கூட்டி. மூன்றாவது முறை தண்ணீரே இல்லாமல்.

"போதும்மா. ஆபீஸ்ல பண்றது பத்தாதா உனக்கு?"

"காஞ்ச கண்ணாடியில ஓட்டினாத்தான்டா கீச்சுங்குதான்னு தெரியும்."

கீச்சென்றது. இடது பக்கத்து வைப்பர் கொக்கியில் முழுதாக உட்காரவில்லை. அவன் கழற்றி மறுபடி மாட்டினான். அவள் இறங்கிக் கடைக்கு நடந்தாள். உள்ளே போய்ப் பாலும் ரொட்டியும் பூனைக்கு இரண்டு டின்னும் வாங்கி வந்தாள். கன்னத்தில் தட்டிவிட்டுக் காரை எடுத்தாள்.

வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், சமையலறையில் விழுந்தாள். இதயம் என்றார்கள். வயது ஐம்பத்தெட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் முக்கால் மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். அவன் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஒன்றரை வருடமாக இருந்தது. அவளைப் பற்றி, பெயர் போடாமல், அவன் எழுதிப் போட்ட ஒரு சீட்டு. அன்றும் அவன் சொல்லவில்லை.

நைரி பிறந்தது காஃபியா துறைமுகத்து ஓரத்தில். கணவர் ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கம் சுரங்க வேலைக்குப் போனவர் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அவள் பால் டேங்கர் ஓட்டினாள். சுற்றியிருந்த வைகாட்டோ வட்டாரத்தில் எந்தப் பண்ணையின் எந்த வளைவில் வண்டியைத் திருப்ப முடியாது, எந்த வீட்டு நாய் டயரைக் கடிக்கும், எந்தப் பாலம் மழையில் வழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நாற்பத்தெட்டு வயதில் முதுகெலும்பில் தட்டு விலகியது. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார்.

டேங்கர்களுக்கு வழி வகுத்துக் கொடுக்கும் மென்பொருளை அந்த வட்டாரத்து நகரமான ஹாமில்டனில் ஒரு சிறு கம்பெனி எழுதிக்கொண்டிருந்தது. ஓட்டுநர்களுக்கு எது ஒத்துவரும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு நைரியை எடுத்தார்கள். கையுறை போட்ட விரலால் அமுக்கினால் அவர்களுடைய திரையில் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது என்று முதல் நாளே காட்டினாள். ஆறு மாதம் பத்து வருடம் ஆயிற்று. எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை ஆனது.

ராவிரி கணினிப் படிப்பு முடித்து அதே குழுவில் சேர்ந்தபோது அவள் அங்கே நான்கு வருடம் பழையவள். அந்த ஊரில் அவன் படிப்புக்கு வேலை தரும் இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதனால் சேர்ந்தான். ஆபீஸில் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன் என்பது அவன் போட்ட நிபந்தனை. அவள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். குழுவில் திரைகளை எழுதும் லோட்டு சமோவாக்காரன். அவனால் இதைத் தாங்க முடியவில்லை.

"நான் உங்கம்மாவை ஆன்ட்டிங்கறேன். நீ நைரிங்கற. நம்ம ரெண்டு பேர்ல யாருடா அவங்க பிள்ளை?"

"வேலையைப் பாரு."

"ஆன்ட்டி, இவன் டிபன் பாக்ஸைத் தொறந்து பாருங்க, நீங்க குடுத்த முட்டை சாண்ட்விச்சுக்கும் நைரின்னு பேர் வெச்சிருப்பான்."

ஆரம்பத்தில் அந்தக் குழுவுக்கு ஒரு மேலாளர் இருந்தார். யார் எதைச் செய்வது என்று திங்கட்கிழமை காலையில் அவர் பிரித்துக் கொடுப்பார். மூன்று மாதம் எழுதுவார்கள். கடைசி இரண்டு வாரம் நைரியிடம் வரும். அவள் நாற்பது பிழை கண்டுபிடிப்பாள். திருத்த நேரம் இருக்காது. பிழைகளோடு வெளியே போகும், பிறகு ஓட்டுநர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். வாரத்துக்கு இருபது போன். மேலாளர் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது கம்பெனி புதிதாக ஒருவரைப் போடவில்லை. என்ன வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம், எப்படிச் செய்வது என்பதை நீங்கள் ஏழு பேரும் பேசிக்கொள்ளுங்கள் என்றது.

முதல் இரண்டு மாதம் யாரும் எதையும் பேசிக்கொள்ளவில்லை. எல்லோரும் பழைய மேலாளர் சொல்லியிருக்கக்கூடியதை ஊகித்துச் செய்தார்கள். ஒரு கூட்டத்தில் நைரிக்குப் பொறுமை போய்விட்டது.

"டிப்போல எங்களுக்கு மேலே இருந்து ஒண்ணே ஒண்ணுதான் சொல்வாங்க. இன்னிக்கு இவ்வளவு பால் வந்து சேரணும். அவ்வளவுதான். யார் எந்த மேட்டுல ஏறணும்னு நாங்களே ரேடியோல பேசிப்போம். ஒருத்தன் சேத்துல மாட்டினா அவன் பண்ணையைப் பக்கத்துல இருக்கறவன் எடுத்துப்பான். கேட்டுட்டு நிக்க மாட்டான். கேட்டுட்டு நின்னா பால் கெட்டுடும். நீங்கள்லாம் படிச்சவங்க, இதுகூடவா வராது?"

குழுவில் மூத்தவள் பிப். தரவுகளைப் பார்ப்பவள், மாரின்ஸ்வில்லில் பண்ணை வீட்டில் வளர்ந்தவள். அவள் எழுந்து போய்ச் சுவரில் பலகையை மாட்டினாள். அன்றைக்கே விதிகளைப் பேசி முடிவு செய்தார்கள். ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை. யாரும் யாருக்கும் அட்டையைக் கொடுப்பதில்லை, அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தவர் தன் பெயர் எழுதிய காந்தத்தை அதன்மேல் ஒட்ட வேண்டும். அட்டை இடமிருந்து வலமாக நகரும். எழுதுதல், சோதித்தல், முடிந்தது. சோதனையில் தேறாமல் திரும்பி இடப்பக்கம் வந்தால் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி தண்டனையில்லை என்று பிப் நாலு முறை சொன்னாள். எங்கே ஓட்டை என்று எல்லோருக்கும் தெரிவதற்காக.

பிழைத்தது குழு. அதில் ராவிரிக்குச் சந்தேகம் இருந்ததேயில்லை. தரவு பற்றிய அட்டை என்றால் அந்த இரண்டு வாரம் பிப் சொல்வதைக் கேட்பார்கள். திரை என்றால் லோட்டு. பண்ணை முற்றம், ஓட்டுநர் என்றால் நைரி. ஒரு வரி எழுதும் முன்பே அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவள் எப்போதும் ஒரே கேள்வியில் ஆரம்பிப்பாள். "இது எப்படி உடையும்னு முதல்ல சொல்லு. அப்புறம் கட்டு." ஒரு வருடத்தில் ஓட்டுநர்களின் போன் வாரத்துக்கு மூன்றாகக் குறைந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் ராவிரி அம்மா வீட்டில் சாப்பிடுவான். பன்றி எலும்பும் கீரையும் ஒரே பானையில் வேக வைத்திருப்பாள், உள்ளே மாவு உருண்டைகள். சாப்பாட்டு நடுவில் அவள் ஏதாவது கேட்பாள்.

"ஏன்டா, பண்ணைக்கு ரெண்டு கேட் இருந்து, மழைக்காக ஒண்ணைப் பூட்டி வெச்சிருந்தா, நீ எழுதின வழி எதைக் காட்டும்?"

"பெரிய கேட்டைத்தான்."

"அதைத்தானே பூட்டுவாங்க."

அவன் வாயில் எலும்போடு யோசிப்பான். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போய்த் திருத்திவிடுவான். அப்போது அவனுக்கு அது தன் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. அம்மா வாய்க்கு வந்ததைக் கேட்டாள், நான் முன்யோசனையோடு சரி செய்தேன். அந்த அட்டை அதுவரை சோதிக்கும் வரிசையில், நைரியின் காந்தத்துக்குக் கீழே காத்திருந்ததை அவன் யோசித்ததில்லை.

அக்டோபரில் வைகாட்டோவில் பால் பெருகும். அந்த அக்டோபரில் சோதனை வரிசையில் பதினொரு அட்டைகள் நின்றன. எல்லாவற்றிலும் நைரியின் காந்தம். காலையில் நின்றுகொண்டே பேசும் கூட்டத்தில் தினமும் எல்லார் கண்ணும் அந்த வரிசைக்குப் போய்வந்தது. லோட்டு வேடிக்கையாக, "ஆன்ட்டி, டேங்கர் மேட்டுல நின்னுடுச்சா?" என்றான். அவள், "லோடு ஜாஸ்திடா" என்றாள். ராவிரிக்கு முகம் சுட்டது. வேலை தேங்குகிறதே என்று அல்ல. தேக்குவது என் அம்மா என்று.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை மதியம் திரும்பிப் பார்க்கும் கூட்டம். நேருக்கு நேர் சொல்லத் தயங்குவதைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போடலாம். டின் வட்டத்தைச் சுற்றி வரும். ஆளுக்கு ஒன்று எடுத்து உரக்கப் படித்துச் சுவரில் ஒட்ட வேண்டும்.

ராவிரி பெரிய எழுத்துகளில், கையெழுத்து தெரியாதபடி, எழுதினான்: ஒருவருடைய வேகத்துக்காக ஆறு பேர் காத்திருக்கிறோம்.

அந்தச் சீட்டை எடுத்தது நைரி.

அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஒரு தடவை மனதுக்குள் படித்தாள். பிறகு, பால் அளவு வாசிக்கும் குரலில், உரக்கப் படித்தாள். லோட்டு தரையைப் பார்த்தான். பிப், "இது என்ன அசிங்கம்?" என்று எழுந்தாள்.

"உக்காரு பிப்" என்றாள் நைரி. சீட்டைச் சுவரில் ஒட்டினாள். ஓரம் மடங்கியதை விரலால் அழுத்தினாள். "சரியாத்தானே எழுதியிருக்கு. ஒரே பாலம், ஆறு வண்டி. நிக்கத்தான் செய்யும். என்ன பண்ணலாம், சொல்லுங்க."

அவளே சொன்னாள். "எல்லாரும் சோதிக்கக் கத்துக்குங்க. நான் சொல்லித் தரேன். அவனவன் எழுதினதை அவனவன் தொடக் கூடாது. அவ்வளவுதான்."

அடுத்த மாதம் முழுக்க அவள் ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டிசம்பருக்குள் அந்த வரிசையில் இரண்டு அட்டைக்கு மேல் நிற்கவில்லை. குழு முன்பைவிட வேகமாக ஓடியது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் எதுவும் நிற்கவில்லை. சீட்டு வேலை செய்தது. ராவிரிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிறகு புள்ளிகள் வர ஆரம்பித்தன. இப்போது அவன் அட்டைகளை லோட்டு சோதித்தான், பிப் சோதித்தாள், மற்றவர்கள் சோதித்தார்கள். தேறாததைத் திருப்பி இடப்பக்கம் வைத்தார்கள், விதிப்படி. ஜனவரி முடிவில் பலகையில் பதினான்கு சிவப்புப் புள்ளிகள். அதில் ஒன்பது ராவிரியின் அட்டைகளில்.

"என்னடா, அம்மை போட்ட மாதிரி இருக்கு?" என்றான் லோட்டு. "முன்னாடியெல்லாம் உனக்கு ஒண்ணுகூட வராதே."

ராவிரி பலகை முன்னால் நின்று கணக்குப் போட்டான். நான்கு வருடத்தில் அவனுக்கு ஒரு புள்ளியும் வந்ததில்லை. நான்கு வருடச் செவ்வாய்க்கிழமைகள். அவள் அட்டையைத் திருப்பவில்லை. தன் காந்தத்துக்குக் கீழேயே வைத்துக்கொண்டு, சாப்பாட்டில் கேள்வி கேட்டு, அவன் திருத்தும்வரை காத்திருந்து, மறுபடி சோதித்தாள். அந்தத் தாமதம் அவள் பெயரில் நின்றது. மற்ற ஐந்து பேருக்கும் புள்ளி வைத்தவள் அவனுக்கு மட்டும் வைக்கவில்லை. அது விதியை மீறியது. அக்டோபரில் தேங்கி நின்ற பதினொரு அட்டைகளில் எட்டு அவனுடையவை. அன்று அவன் எண்ணிப் பார்த்திருக்கலாம். எண்ணவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்று செய்தி அனுப்பினான். அடுத்த செவ்வாய்க்கு வேறு காரணம். அவள் மூன்று வாரம் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. அவன் பங்குச் சாப்பாட்டை ஒரு டப்பாவில் போட்டு ஆபீஸ் பிரிட்ஜில் வைத்தாள்.

மே மாதம் ஆக்லாந்தில் மென்பொருள்காரர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் குழு எப்படி நன்றாக வேலை செய்கிறது என்று பேச ஓர் ஆளை அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். வழக்கம்போல் அட்டை பலகையில் ஏறியது. யாரும் எடுக்கவில்லை. மேடை என்றால் பிப் ஒதுங்கிவிடுவாள். நைரி ராவிரியைப் பார்த்து, "நீ நல்லாப் பேசுவ, எடேன்" என்றாள். எடுத்தான்.

நூற்றிருபது பேர் இருந்தார்கள். அவன் பலகையைப் பற்றிச் சொன்னான், டேங்கர் ரேடியோவைப் பற்றிச் சொன்னான், சிரித்தார்கள். அவரவருக்குத் தெரிந்ததில் அவரவர் முன்னால் நிற்பதைப் பற்றிச் சொன்னான். பிறகு அந்தச் சீட்டின் படத்தைத் திரையில் போட்டான். அதைப் போடாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டிருந்தான்.

"எங்கள் குழுவில் ஒருவர் துணிந்து இதை எழுதினார்" என்றான். "மேலாளர் இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. குழு அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலையாக எடுத்துக்கொண்டது."

கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் நைரி உட்கார்ந்திருந்தாள், நல்ல பச்சைச் சட்டையில், கழுத்தில் தன் அம்மாவின் பச்சைக் கல். அவளும் கைதட்டினாள்.

திரும்பும்போது அவன் ஓட்டினான். நெடுஞ்சாலை, நகரத்துக்குத் தெற்கே பாம்பே என்று பெயர் கொண்ட மேட்டில் ஏறி இறங்கியதும் அவள் பேசினாள்.

"நல்லாப் பேசின."

"ம்."

"துணிஞ்சு எழுதினார்னு சொன்னியே. எனக்கு அப்படித் தோணல. அது பயந்த கை."

அவன் சாலையைப் பார்த்தான்.

"பயந்தா என்ன, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டான். ஆனா பாவம், எழுதிட்டு அவனுக்குத்தான் சோறு இறங்கலையோ என்னமோ. என்கிட்ட வந்து நான்தான்னு சொன்னா நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்டா. டீ போட்டுக் குடுப்பேன்."

அவ்வளவு அகலமாக யாரும் கதவைத் திறந்து வைக்க முடியாது. ராவிரி, "பெட்ரோல் போடணும்" என்றான். பாதிக்கு மேல் இருந்தது. அவளும் அந்த முள்ளைப் பார்த்தாள். "சரி, போடு" என்றாள்.

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எட்டிப் பார்த்தான். புல் வெட்டினான், குழாய் மாற்றினான். உட்கார்ந்து சாப்பிடவில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் ராவிரி ஓர் அட்டை எழுதினான். டேங்கர் பாலை எடுத்ததும் பண்ணை 'முடிந்தது' என்று திரையில் மாற வேண்டும். லோட்டு சோதித்தான், தேறியது. இரண்டு தொட்டி வைத்திருக்கும் பண்ணையில் முதல் தொட்டி காலியானதுமே 'முடிந்தது' என்று வந்துவிடும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. நைரி அந்த வாரம் வேறு அட்டையில் இருந்தாள். பழைய செவ்வாய்க்கிழமையாக இருந்தால் சாப்பாட்டில் என்ன எழுதுகிறாய் என்று கேட்டிருப்பாள். ரெண்டு தொட்டி இருந்தா என்று அடுத்துக் கேட்டிருப்பாள்.

பிராங்கியா மலையடிவாரத்தில் ஹூக்லண்ட் என்பவரின் பண்ணையில் அது நடந்தது. டேங்கர் ஓட்டியவன் டாரில், அந்த வழிக்குப் புதியவன். திரை முடிந்தது என்றதும் குழாயைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். இரண்டாவது தொட்டியில் ஆறாயிரம் லிட்டர். கெடு தாண்டிவிட்டதால் யாரும் எடுக்க மாட்டார்கள். முழுவதும் சாணிக்குட்டைக்குப் போனது. டாரிலுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பழைய ஓட்டுநர் சிநேகிதர்கள் மூலம் நைரிக்குச் செய்தி வந்து, அவள் தோண்டிப் பார்த்துத்தான் மென்பொருள் பிழை என்று தெரிந்தது. கடிதத்தைத் திரும்பப் பெற வைத்தாள்.

குழுக் கூட்டத்தில் அவள், "நம்ம தப்பு" என்று மட்டும் சொன்னாள். யார் என்று கேட்பதில்லை, எப்படி என்றுதான் கேட்பது என்பது அவர்கள் வழக்கம். நல்ல வழக்கம். ராவிரி அதற்குள் மூன்றாவது முறையாக ஒளிந்துகொண்டான்.

ஏப்ரலில் அவள் இறந்ததும், காஃபியாவில், அவளுடைய பழங்குடிக் குலத்தின் கூடத்தில், மூன்று நாள் அவளைக் கிடத்தியிருந்தார்கள். பெட்டி திறந்திருந்தது. வந்தவர்கள் எல்லாம் அவளைப் பார்த்தே பேசினார்கள், திட்டினார்கள், கேலி செய்தார்கள். அங்கே இறந்தவரிடம் நேராகத்தான் பேசுவது. குழு முழுவதும் வேனில் வந்தது. லோட்டு பெட்டியின் முன்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஆன்ட்டி, எழுந்திருங்க. என் டெஸ்ட் எல்லாம் பச்சையா, ஒரு தப்புகூட இல்லாம ஓடுது. அப்படின்னா எங்கயோ பெரிய தப்பு இருக்குன்னு நீங்கதானே சொல்வீங்க? வந்து பாருங்க ஆன்ட்டி."

எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள். ராவிரி பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான். துக்க வீட்டுக்காரர்கள் பேசுவதில்லை, மற்றவர்கள்தான் அவர்களுக்காகப் பேசுவார்கள். அது அங்கே வழக்கம். அந்த வழக்கம் அவனுக்கு வசதியாக இருந்தது. அவள் கை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மூன்று நாளும் கூடத்தில் ஆள் இல்லாத நேரம் எவ்வளவோ வந்தது. அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது பலகையில் அவள் காந்தம் ஓர் அட்டையில் அப்படியே இருந்தது. யாரும் யாருக்கும் அட்டையைக் கொடுப்பதில்லை. யாரும் அதை எடுக்கவுமில்லை. இரண்டு வாரம் எல்லோரும் அதைப் பார்க்காத மாதிரி அதைச் சுற்றி வேலை செய்தார்கள். வெள்ளிக்கிழமை திரும்பிப் பார்க்கும் கூட்டத்தில் பிஸ்கட் டின் சுற்றி வந்தது. ராவிரி அதை வாங்கித் தரையில் வைத்தான்.

"நான் சீட்டு போடல. நேராச் சொல்றேன். ஆறு பேர் காத்திருக்கோம்னு எழுதினது நான்தான்."

"எந்தச் சீட்டு?" என்றான் லோட்டு. பிறகு அவனுக்குப் புரிந்தது. "நீயாடா? உங்கம்மாவைப் பத்தியா?"

"ஆமா. வரிசையில நின்னது பாதிக்கு மேல என் அட்டை. என் தப்பையெல்லாம் வெளிய தெரியாம என்னைத் திருத்த விட்டுட்டு அவ காத்துட்டிருந்தா. அந்தத் தாமதத்தை வெச்சுத்தான் நான் அப்படி எழுதினேன்."

"ஆக்லாந்துல அதைப் படம் போட்டுக் காட்டினியேடா. துணிஞ்சவன்னு சொன்னியே." லோட்டு எழுந்துவிட்டான். "நான் ஒரு வருஷமா பீட்டரைச் சந்தேகப்பட்டு அந்த ஆளோட சரியாப் பேசாம இருக்கேன்டா." கதவை அறைந்துகொண்டு போனான். பீட்டர் என்பவர், குழுவில் அதிகம் பேசாத மனிதர், தன் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதான் காரணமா?" என்றார் மெதுவாக.

பிப் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றான் ராவிரி.

"அன்னிக்குச் சாயந்திரம் அவ என் மேசைக்கு வந்தா. எழுத்தைப் பார்த்து யாரையும் தேடாதே பிப், தேடினா இனிமே எவனும் உண்மையை எழுத மாட்டான்னா. நான் தேடல. ஆனா அவ அதைச் சொன்ன விதம் இருக்கே. அப்படி ஒரு அம்மாவாலதான் சொல்ல முடியும்." பிப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "உன்னை நான் மன்னிக்கல ராவிரி. அது என் வேலை இல்ல. அவளும் தப்பு பண்ணினா. உனக்கு முதல் வருஷமே புள்ளி வெச்சிருக்கணும். அதையும் அவகிட்ட சொன்னேன். தெரியும்னு சொன்னா."

ராவிரி எழுந்து பலகைக்குப் போனான். அவள் காந்தத்தை எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் தன் காந்தத்தை ஒட்டினான். அட்டையில் அவளுடைய சாய்ந்த எழுத்து: ஹூக்லண்ட் பண்ணை. நேரில் போய்ச் சொல்ல வேண்டும். டாரில் மேல் தவறில்லை. எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றது போதாது, ஹூக்லண்ட் இன்னும் அவனைக் கண்டால் கை அசைப்பதில்லையாம். வெள்ளிக்கிழமை போகிறேன்.

அவள் இறந்த மறுநாள் அந்த வெள்ளிக்கிழமை.

அட்டையின் பின்னால் எண் இருந்தது. அவன் வெளியே வராந்தாவுக்குப் போய்ப் போன் செய்தான். வயதான பெண் குரல் எடுத்தது. டச்சு வாடை கலந்த பேச்சு.

"பால் மென்பொருள் ஆபீஸ்ல இருந்து பேசறேன். ஒரு விஷயம் நேர்ல வந்து சொல்லணும்."

"ஓ, அந்த அம்மாவா அனுப்பினாங்க? நைரி? மூணு வாரத்துக்கு முன்னாடி வரேன்னாங்க. ஸ்கோன் சுட்டு வெச்சுக் காத்திருந்தோம். வரவே இல்ல. ஒரு போன்கூட இல்ல. எங்க வீட்டுக்காரர், ஆபீஸ்காரங்க எல்லாரும் இப்படித்தான்னார். நான்தான் இல்ல, இந்த அம்மா அப்படி இல்லன்னு சொல்லிட்டிருந்தேன்."

"அவங்க..." என்றான் ராவிரி. "அவங்களால வர முடியல. அதுக்கு முந்தின நாள் இறந்துட்டாங்க."

பின்னால் யாரோ ஆண் குரல், யாரு, யாரு என்று கேட்டது. அந்தப் பெண் டச்சு மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு போனுக்குத் திரும்பினாள்.

"நீங்க யாருப்பா?"

"அவங்க மகன். உங்க ரெண்டாவது தொட்டியைக் கணக்குல எடுக்காம எழுதினவனும் நான்தான்."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. ஆண் குரல் வந்தது, வறட்சியாக.

"நாளைக்குப் பத்து மணிக்கு மேல வா. அதுக்கு முன்னாடி மாட்டு வேலை இருக்கும்."